ஐ.நா. இன்டர்ன்ஷிப்: முதல்முறை விண்ணப்பிக்கிறவர்களுக்கு

"அக்கா, மனித உரிமை, சமூக நீதி பக்கம் வெளிநாட்டில் இன்டர்ன்ஷிப் போகணும். எங்கே ஆரம்பிக்கிறது?" கல்லூரி ஜூனியர்களில் யாராவது ஒருவர் ஒவ்வொரு வருடமும் இப்படிக் கேட்டு விடுகிறார். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. எனக்குப் பழக்கமான ஐக்கிய நாடுகள் சபையை மட்டும், அதிலும் பெரும்பாலும் ஜெனீவாவை எடுத்துக்கொள்கிறேன். மார்ச் வந்தால் இலங்கைத் தீர்மானம், மனித உரிமைப் பேரவை என்று நம் பத்திரிகைகளில் அடிபடுகிற அதே ஜெனீவாதான்.

முதலில் பணம்

எல்லோரும் விண்ணப்பப் படிவத்திலிருந்து தொடங்குவார்கள். நான் பணத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். ஐ.நா. செயலகத்தின், அதாவது ஐ.நா.வின் அன்றாட வேலைகளைப் பார்க்கும் மைய நிர்வாகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. விமானச் சீட்டு, விசா, தங்குமிடம், மருத்துவக் காப்பீடு எல்லாம் உங்கள் பொறுப்பு, இல்லையென்றால் உங்களை அனுப்பும் கல்லூரியின் பொறுப்பு. மனித உரிமை உயர் ஆணையர் அலுவலகமும் இந்தச் செயலகத்தின் ஒரு பகுதிதான்.

ஜெனீவா எவ்வளவு செலவு பிடிக்கும் ஊர் என்பதற்கு ஓர் அளவுகோல்: 2020-இல் அங்கே மக்கள் வாக்களித்துக் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 23 சுவிஸ் பிராங்க் என்று நிர்ணயித்தார்கள். 2015-இல் 22 வயது நியூசிலாந்து இளைஞர் ஒருவர் அங்கே ஐ.நா. இன்டர்னாக இருந்தபடி ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கினார். செய்தி உலகமெல்லாம் பரவியது. விஷயத்தை வெளியே கொண்டுவருவதும் தன் நோக்கமாக இருந்தது என்று பிறகு அவரே சொன்னார். சமூக நீதி பேசும் இடத்திலேயே வீட்டில் வசதி உள்ளவர்தான் கூலியில்லாமல் வேலை பார்க்க முடியும் என்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிற விஷயம்.

அதனால், வீட்டில் அந்த அளவு பணம் இல்லாதவர்கள் அதே ஊரில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பை, அதாவது ஐ.எல்.ஓ.வை முதலில் பாருங்கள். அங்கே இன்டர்ன்களுக்கு உதவித்தொகை உண்டு. சமூக நீதிதான் உங்கள் ஆர்வம் என்றால் பொருத்தமும் அதற்கே அதிகம். 1919-இல் அது உருவானபோது எழுதிய சாசனத்தின் முதல் வரியே, சமூக நீதி இல்லாமல் நிலையான அமைதி இல்லை என்கிற பொருளில்தான் தொடங்குகிறது. யுனிசெப் போன்ற அமைப்புகளுக்குத் தனித் தளமும் தனி விதிகளும் இருக்கின்றன. செயலகத்துக்குத்தான் போட வேண்டும் என்றால் ஜெனீவாவோடு நிற்காதீர்கள். பாங்காக், நைரோபி, அடிஸ் அபாபா ஆகிய இடங்களிலும் பெரிய அலுவலகங்கள் உள்ளன. பாங்காக்கில் ஒரு மாத வாடகையும் சாப்பாடும் நம் கைக்கு எட்டுகிற தொகையாகவே இருக்கும்.

தகுதி இருக்கிறதா?

செயலகத்தின் விதி எளிது. இளங்கலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்க வேண்டும், அல்லது முதுகலையோ அதற்கு மேலோ படித்துக்கொண்டிருக்க வேண்டும். படிப்பு முடிந்துவிட்டது என்றால், முடித்த ஒரு வருடத்துக்குள் இன்டர்ன்ஷிப் தொடங்கிவிட வேண்டும். விண்ணப்பித்த தேதியை வைத்து இந்தக் கணக்கைப் போட்டு ஏமாறுபவர்கள் உண்டு. சேரும் தேதிதான் கணக்கு. ஆங்கிலமோ பிரெஞ்சோ சரளமாக வர வேண்டும். முன் அனுபவம் கேட்பதில்லை. ஐ.எல்.ஓ. பெரும்பாலும் முதுகலை இறுதியாண்டு மாணவர்களையும், அதைச் சமீபத்தில் முடித்தவர்களையும் எடுக்கும். பி.ஏ. மூன்றாமாண்டு தம்பி தங்கைகளுக்குச் செயலகமே வழி.

அறிவிப்பைத் தேடுவது

ஐ.நா.வின் வேலைவாய்ப்புத் தளத்தில் கணக்குத் தொடங்கி, வகையில் இன்டர்ன்ஷிப் என்று தேர்ந்தெடுத்தால் திறந்திருக்கும் அறிவிப்புகள் வரிசையாக வரும். விண்ணப்பம் நிரப்பும் பகுதிக்கு 'இன்ஸ்பிரா' என்று பெயர். பிடித்த அறிவிப்பைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தை முழுவதுமாகப் பி.டி.எஃப். எடுத்து வையுங்கள். கடைசித் தேதி முடிந்தால் அறிவிப்பு தளத்தை விட்டுப் போய்விடும். இரண்டு மாதம் கழித்து நேர்காணலுக்குக் கூப்பிடும்போது எந்தப் பிரிவுக்கு, என்ன வேலைக்குப் போட்டோம் என்று தெரியாமல் விழிக்க வேண்டியிருக்கும். நான் அப்படி விழித்தவள்.

சுயவிவரம் நிரப்புவது

இங்கே ரெஸ்யூமேவை இணைத்துவிட்டு நகர முடியாது. படிப்பு, வேலை, மொழி, கணினித் திறன் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். மூன்று பேரைப் பரிந்துரையாளர்களாகக் குறிப்பிட வேண்டும், அவர்களிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சம்பளமில்லாமல் செய்த வேலையையும் போடலாம். என்.எஸ்.எஸ். முகாமில் கணக்கெடுப்பு நடத்தியது, மாலை நேர டியூஷன் மையத்தில் பாடம் எடுத்தது எல்லாம் வேலைதான். தமிழை மொழிப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். தெற்காசியா பார்க்கும் பிரிவுக்கு அது பயன்படக்கூடியது.

முகப்புக் கடிதம்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே கேட்டிருப்பார்கள்: எந்தப் பட்டம், எப்போது முடியும், என்ன கணினித் திறன், ஆர்வமுள்ள மூன்று துறைகள், ஏன் உங்களை எடுக்க வேண்டும், ஏன் ஐ.நா. கேட்ட எதையும் விட்டுவிடக் கூடாது.

என்னிடம் திருத்தக் கொடுத்த கடிதங்களில் பாதிக்கு மேல் "சிறு வயது முதலே சமூக சேவையில் எனக்கு ஆர்வம்" என்கிற வகையில்தான் தொடங்கின. அந்த வரியை அடித்துவிடுங்கள். அதைப் படிக்கிறவருக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியவராது. பதிலாக, நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு வேலையை எழுதுங்கள். திருநெல்வேலிப் பக்கத்து மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். எம்.எஸ்.டபிள்யூ. களப்பணியில் பீடி சுற்றும் பெண்களிடம் பேசியிருக்கிறாள். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, கழிவு என்று எத்தனை பீடியைத் தள்ளினார்கள், கொடுத்த இலை போதாமல் எத்தனை பேர் கைக்காசு போட்டு வாங்கினார்கள் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். இதை நான்கு வரியில் எழுதினாலே கடிதத்துக்கு உயிர் வந்துவிடும்.

அப்புறம், அந்த அனுபவத்தை அந்த அலுவலகத்தின் வேலையோடு முடிச்சுப் போட வேண்டும். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்காக ஐ.எல்.ஓ. 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. பீடி சுற்றும் பெண்ணின் நோட்டுக் கணக்கும் இந்த உடன்படிக்கையும் ஒரே பத்தியில் வந்தால், வீட்டுப்பாடம் செய்த ஆள் என்று படிப்பவருக்குப் புரியும். சாதி பற்றிய களப்பணி செய்தவர்கள், இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2002-இல் வெளியிட்ட 29-ஆவது பொதுப் பரிந்துரையைத் தேடிப் படியுங்கள். வம்சாவளி அடிப்படையிலான பாகுபாடு என்பதற்குள் சாதியும் வரும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைத் தடை செய்யும் 2013-ஆம் வருட இந்தியச் சட்டத்தைச் சொல்லிவிட்டு அங்கிருந்து இந்தப் பரிந்துரைக்கு வரலாம். மேற்கோள் மழை வேண்டாம், ஒன்று போதும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஏ.ஐ. எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒட்டினால் ஆயிரம் கடிதத்தில் ஒன்றாகப் போய்விடும். முதலில் தமிழில் பேசிப் பதிவு செய்து, அதைக் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். எனக்கு அது உதவியது.

அனுப்புவது

செயலகத்தின் கடைசி நேரம் நியூயார்க் கணக்கில் இரவு 11:59. அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைக்கும் கோடைக்காலத்தில் நமக்கு அது மறுநாள் காலை 9:29, குளிர்காலத்தில் 10:29. அதற்காகக் கடைசிக் காலை வரை வைத்திருக்காதீர்கள்.

அதன் பிறகு

தேர்வானவர்களுக்கு மட்டும்தான் பதில் வரும். மற்றவர்களுக்கு ஒன்றுமே வராது. கோபித்துக்கொள்ளாமல் அடுத்ததற்குப் போடுங்கள். நேர்காணலில் குழுவாக வேலை செய்தது, தகவலைத் தெளிவாகச் சொன்னது பற்றி உண்மையான சம்பவம் கேட்பார்கள். என்ன நிலைமை, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்ற வரிசையில் இரண்டு மூன்று சம்பவங்களைத் தயாராக வைத்திருங்கள். "நாங்கள் செய்தோம்" என்று மட்டும் சொன்னால் உங்கள் பங்கு தெரியாது.

நடுவில் யாராவது "பதிவுக் கட்டணம்", "உத்தரவாதத் தொகை" என்று மெயில் அனுப்பினால் அழித்துவிடுங்கள். ஆள் எடுப்பதில் எந்தக் கட்டத்திலும் ஐ.நா. காசு வாங்குவதில்லை. ஐ.நா. முத்திரையோடு வந்த போலிக் கடிதத்தை நம்பி எங்கள் ஜூனியர் ஒருவர் பணம் கட்டப் போய், கடைசி நிமிடத்தில் தப்பினார்.

இடம் உறுதியானதும் கல்லூரியில் போனஃபைடு சான்றிதழும், தங்கியிருக்கும் காலம் முழுவதற்குமான மருத்துவக் காப்பீடும் வாங்குங்கள். சுவிட்சர்லாந்து என்றால் நாளை எண்ணிப் பாருங்கள். ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால விசா, 90 நாளுக்கு மட்டும்தான், அதற்கு மேல் தங்க நீண்டகால விசா வேண்டும். செயலகத்தின் இன்டர்ன்ஷிப் இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை போகும். மூன்று மாதம் என்று அவர்கள் அனுப்பும் கடிதத்தில் இருந்தாலும் ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை 92 நாள் ஆகிவிடும்.