இரண்டாவது கார்டு வாங்கும் முன்பு

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் பஸ் ஏறி, பழைய ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு ஒன்றை மலிவாக வாங்கி வந்து, வீட்டிலிருக்கும் 580-க்குக் கீழே செருகினால் கேம் இரு மடங்கு வேகமாக ஓடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. இரட்டைக் கார்டு முறையில் ஒரு ஃபிரேமை, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்றை, ஒரு கார்டும் அடுத்ததை மற்றதும் வரையும். இன்றைய கேம்களோ முந்திய ஃபிரேமைப் பார்த்துத்தான் அடுத்ததைத் தீட்டுகின்றன. அதனால் ஒன்று மற்றதற்காகக் காத்துக் கிடக்கும். டைரக்ட்எக்ஸ் என்பது விண்டோஸில் கேமையும் கார்டையும் இணைக்கும் மென்பொருள். பழைய டைரக்ட்எக்ஸ் 11 கேம்கள் சிலவற்றில் வேகம் கூடலாம், ஆனால் படம் விட்டுவிட்டு நடுங்கும். டைரக்ட்எக்ஸ் 12-இல் கேமை உருவாக்கியவரே இதற்கு வழி செய்திருக்க வேண்டும், பெரும்பாலோர் செய்வதில்லை. மற்றொரு கார்டு நிறுவனமான என்விடியாவும், தன் இரட்டைக் கார்டு முறையான எஸ்எல்ஐ-க்குக் கேம்வாரியாகத் தந்துவந்த அமைப்புகளை (புரொஃபைல்களை) 2021 ஜனவரியோடு புதிதாக வெளியிடுவதை நிறுத்திவிட்டது. அதன் ஜிடிஎக்ஸ் 1060 கார்டில் இரண்டையும் இணைக்கும் எஸ்எல்ஐ பாலம் மாட்ட இடமே இல்லை.

கார்டு மெமரியில் எட்டும் எட்டும் பதினாறு ஜிபி என்ற கணக்கும் இங்கே செல்லாது. கேமின் பொருள்கள் மேல் போர்த்தும் படமான டெக்ஸ்சர் ஒன்றே இரண்டு கார்டிலும் நகலாக உட்கார்ந்திருக்கும், ஆக 8 ஜிபிதான். மலிவு மதர்போர்டில் இரண்டாவது நீள ஸ்லாட் பார்க்க 16 லேன் (தரவு ஓடும் பாதை) போலிருந்தாலும் பலவற்றில் 4 லேன்தான் ஓடும். ஒரு 580 சுமார் 185 வாட் இழுக்கும். இரண்டுக்கு 370. ஊர் பேர் தெரியாத '500 வாட்' பவர் சப்ளை கேம் நடுவிலேயே அணைந்துவிடும்.

அந்த வெள்ளியைச் செலவழிக்கும் முன், பெட்டிக்குள் வீணாகும் வேகத்தைப் பாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா? கார்டில் மாற்றுங்கள். இந்தத் தவறு நாம் நினைப்பதைவிட அதிகம்.

ரேம் அடுத்தது. 16 ஜிபி ஒற்றைக் குச்சியைவிட இரண்டு 8 ஜிபி மேல், அதிலும் ரைசன் 5600ஜி போன்ற சிபியூவில் உள்ளமைந்த கிராபிக்ஸை நம்பியிருப்பவருக்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்; அந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, ரேமைத்தான் பயன்படுத்துகிறது. நான்கு ஸ்லாட் போர்டில் பொதுவாக சிபியூவிலிருந்து எண்ணி 2-ஆவதிலும் 4-ஆவதிலும் செருகவும். பிறகு பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்), ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை இயக்கவும். இல்லையென்றால் 3200 ரேம் 2133-இலோ 2400-இலோ நகரும். டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கம் வேகத்தைக் காட்டிவிடும்.

ஜிடி 1030 கார்டு வாங்குவோர் அட்டைப்பெட்டியை இரண்டு முறை படிக்க வேண்டும். ஜிடிடிஆர்5 மெமரி உள்ள வகை விநாடிக்கு 48 ஜிபி கடத்தும், டிடிஆர்4 வகை சுமார் 17-தான். பெயர் மட்டும் ஒன்றே! கடைக்காரத் தவ்கே எடுத்துச் சொல்லுவார் என்று காத்திருக்க வேண்டாம்.

தகரக் கூரை வீட்டில் மதியம் இரண்டு மணிக்குக் கார்டு சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பக்கத் தூசி வலையைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். தூசியை ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளவும். சாயங்காலம் இடி முழங்கினால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கவும், மோடத்துக்குப் போகும் இன்டர்நெட் கம்பியையும் சேர்த்து.