மாஞ்சோலைப் பக்கம் சோலைக்கிளி பார்க்க

முதலில் ஒன்று, சோலைக்கிளி கிளியே இல்லை. பச்சையாக ஏதாவது கத்திக்கொண்டு பறக்கும் என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தால் கழுத்து வலிதான் மிச்சம். மலையாளத்தில் கிளி என்றால் பறவை, அதிலிருந்து வந்த பெயர் இது. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், கால் மட்டும் நீளம், உடம்பு சிலேட்டு நீலம், வயிறு வெளுப்பு. இருட்டுச் சோலைக்குள் அந்த நீலமும் கறுப்பாகத்தான் தெரியும்.

இதைப் பார்க்க ஊட்டிக்குப் போக வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, மாஞ்சோலையும் அடங்கிய நம்ம அசம்பு மலையில் இருப்பது தனி இனம் என்று 2017-இல் பிரித்துப் பெயர் வைத்தார்கள். நீலகிரியில் இருப்பது வேறு, பழனி, ஆனைமலையில் இருப்பது வேறு. மேட்டுச் சோலையை விட்டு இறங்காத பறவை, கணவாயை எங்கே தாண்டப் போகிறது?

தை பிறந்ததிலிருந்து சித்திரை வரை போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம், மாஞ்சோலைக்கு மேலே இருக்கும் நாலுமுக்கு எஸ்டேட் மழை குடைக்கெல்லாம் அடங்காது. மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்ட வனத்துறை அனுமதி வேண்டும், விதி அடிக்கடி மாறும், அதனால் கிளம்புவதற்கு முன்பே அம்பாசமுத்திரத்தில் விசாரித்துவிடுங்கள்.

விடியலும் அந்தியும்தான் நேரம். அந்த நேரத்தில் அங்கே இருக்க முடியாமல் அன்றே திரும்புகிறவர்கள், வெளிச்சம் மங்கலாக இருக்கும்படி மேகம் மூடிய நாளாகப் பார்த்துப் போங்கள். மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சி எஸ்டேட் பக்கம் தேயிலை முடிந்து சோலை தொடங்கும் இடத்தில், ரோட்டோரமாகவே, ஓடை கசிகிற ஒரு பள்ளத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள். நடந்து தேடினால் கிடைக்காது. அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் மெல்லிய விசில் ஒன்று ஏறி இறங்கிக் கேட்கும், அப்புறம் தரையில் ஒரு சருகு புரளும், அந்தச் சருகையே பாருங்கள். இப்படி நான் உட்கார்ந்திருந்தபோது ஜீப் டிரைவர் ஒருவர், "என்ன சார் பாக்குதீய, யானையா?" என்றார். குருவி என்றேன். சிரித்தார், ஆனால் எனக்கு முன்னால் அவர்தான் பார்த்தார்!

அட்டைக்கு உப்பைத் துணியில் முடிந்து, நனைத்து, செருப்பிலும் காலிலும் தேய்த்துக்கொள்ளுங்கள். போனில் அதன் குரலைப் போட்டு வரவழைக்காதீர்கள், கூடு கட்டும் காலத்தில் வேறொரு ஆண் வந்துவிட்டதாக நினைத்து அலைந்துகொண்டே இருக்கும். மண்கரைப் பொந்துகளிலும் கூடு வைக்கும், அதனால் ரோட்டோரக் கரையில் கைவைத்து ஏறவும் வேண்டாம்.