கோப்பின் வரிகளை அணிக்குள் அணியாகச் சேமித்தல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் நெல் விபரத்தை ‘சம்மாந்துறை,கீரிச்சம்பா,62’ என்றவாறு வரிக்கு ஒரு பதிவாகக் கொண்ட கோப்பொன்றை பேர்ல் (Perl) நிரல்மொழியில் வாசிக்கும்போது, ஒவ்வொரு வரியையும் ‘சொம்ப்’ (chomp) கொண்டு வரிமுடிவு நீக்கி, ‘ஸ்பிளிட்’ (split) மூலம் காற்புள்ளியில் பிரித்து, கிடைக்கும் பகுதிகளைச் சதுர அடைப்புக்குள் இட்டே வெளி அணிக்குள் (அணி, array: மதிப்புகளின் வரிசை) ‘புஷ்’ (push) செய்ய, அதாவது இறுதியில் சேர்க்க வேண்டும். அடைப்பில்லாவிட்டால் ஊரும் இனமும் மூடைக் கணக்கும் ஒரே நீண்ட வரிசையாகக் கலந்துவிடும்; ஏனெனில் பேர்ல், அணியின் உறுப்பாக இன்னோர் அணியை அல்ல, அதற்கான சுட்டியை (reference: அந்த அணி இருக்கும் இடத்தைக் காட்டும் மதிப்பு) மட்டுமே ஏற்கும்.

புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது வேறொன்று. உள் அணியை, வரிகளை ஒவ்வொன்றாக வாசிக்கும் வளையத்துக்கு (loop) வெளியே ஒருமுறை அறிவித்துவிட்டு, பின்சாய்கோட்டுடன் (\) அதன் சுட்டியைப் புஷ் செய்தால், எல்லா நிரைகளும் ஒரே அணியையே சுட்டுவதால், அச்சிடும்போது கடைசி வரியிலுள்ள ஊரின் (உதாரணமாக, பொத்துவில்) பதிவு மட்டுமே திரும்பத் திரும்ப வரும். உள் அணியை உருவாக்கும் ‘மை’ (my) அறிவிப்பை வளையத்துக்குள் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் புதிய அணி உருவாகும். சதுர அடைப்போ எங்கு அறிவித்திருந்தாலும் புதிய பிரதியையே தருவதால், தொடக்கத்தில் அதையே பழகுவது நல்லது.

சுட்டெண் 0 இலிருந்து தொடங்குவதால், மூன்றாம் நிரையின் மூடைத் தொகை [2][2] ஆகும். கடைசிப் புலம் வெறுமையாக இருக்கக்கூடிய கோப்பென்றால், ஸ்பிளிட்டுக்கு மூன்றாவது அளபுருவாக (argument) -1 கொடுக்கவும். இல்லையேல் அந்தப் புலம் எந்த எச்சரிக்கையுமின்றி விடுபட்டுவிடும்.