ஹாட் டப் வாங்குமுன் கிணற்றைப் பாருங்கள்

போன மாதம் திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் ஒரு புது வீட்டு முற்றத்தில் நின்றேன். கனடாவில் இருந்து வந்து அப்பாவின் காணியில் வீடு கட்டியிருக்கும் தம்பி ஒருவர், சூடான தண்ணீரில் உட்கார்ந்து குளிக்கும், ஜெட்டுகள் தண்ணீரைப் பீச்சி அடிக்கும் ஹாட் டப் ஒன்றின் படத்தைப் போனில் காட்டி, "அண்ணா, ஆறு பேர் இருக்கலாம், 52 ஜெட், நீல லைட் எல்லாம் இருக்கு" என்றார். முற்பணம் கட்டியாயிற்று, தொட்டி கப்பலில் ஏற வேண்டியதுதான் பாக்கி. நான் கேட்டது ஒன்றே ஒன்று: "தண்ணி எங்க இருந்து எடுக்கப் போறீங்க?" அவர் திரும்பி வேலியோரக் கிணற்றைக் காட்டினார். "குளிக்கிற கிணறுதான் அண்ணா, நல்ல தண்ணி."

இதே வசனத்தைத்தான் 2016இல் நானும் சொன்னேன்.

உப்புவெளியில் நாலு அறையோடு ஒரு சின்ன விடுதி வைத்திருக்கிறேன். அதற்கு வாங்கிய தொட்டியோடு பட்ட பாட்டில்தான் இந்த வேலையைப் படித்தேன். இப்போது அலஸ்தோட்டத்தில் இருந்து இறக்கக்கண்டி வரை வீடுகளுக்குத் தொட்டி பொருத்தவும் திருத்தவும் போகிறேன். நம் ஊரில் இதற்கு ஆசைப்படுபவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றி வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சூட்டுக்குள் கழுத்துவரை இறங்கி உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றாது? மார்கழி மழை ஓய்ந்த ஒரு இரவில், 38 டிகிரித் தண்ணீரில், கடல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

குளோரின் போடுங்கள், பில்டரைக் கழுவுங்கள், பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள் என்பதெல்லாம் பெட்டியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாத, நாம் விடும் பிழைகளைச் சொல்கிறேன்.

தண்ணீரைப் பார்க்காமல் தொட்டியைத் தெரிவுசெய்வது

என் தொட்டி கார்த்திகையில் வந்தது. மழைக்காலம், கிணறு நிறைந்து கிடந்தது, தண்ணீர் இனிப்பாக இருந்தது. நிரப்பினோம், சூடாக்கினோம், ஒரு குறையும் இல்லை. சித்திரை கழிந்து வறண்ட கச்சான் காற்று எழும்பியதும் தொட்டியில் தண்ணீர் மட்டம் நாளுக்கு நாள் இறங்கத் தொடங்கியது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 40 லிட்டர். நான் ஹோஸைப் போட்டு அதே கிணற்றில் இருந்து விட்டு நிரப்பினேன். கிணறு அந்த நேரம் உவர்த்துக் கிடந்தது, எனக்கு அது உறைக்கவே இல்லை, ஏனென்றால் குளிப்பதற்குப் பழகிய உடம்புக்கு வித்தியாசம் தெரியாது.

ஆவணியில் ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. முதலில் இரண்டு நாளைக்கு ஒரு தரம், அப்புறம் ஹீட்டர் போட்ட உடனேயே. எலக்ட்ரீஷியன் வந்து வயரை மாற்றினார், எர்த் கம்பியை இன்னும் ஆழமாக அடித்தார், கடைசியில் ட்ரிப் சுவிட்சையே மாற்றினார். அதுவும் விழுந்தது. புது ஹீட்டர் ஒன்றுக்குச் சொல்லி, ஐந்து கிழமை காத்திருந்து பூட்டினோம். ஏழு மாதத்தில் அதுவும் அதே மாதிரி.

இரண்டாவது ஹீட்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்துத்தான் முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். எலிமென்ட் முழுக்கச் சாம்பல் வெள்ளையில் ஒரு தோடு, முட்டைக் கோது மாதிரி, நகத்தால் கிளப்பினால் செதில் செதிலாக வந்தது. வளைவுக்குக் கிட்ட, தோட்டுக்கு அடியில், கடுகிலும் சின்ன ஒரு ஓட்டை, அதைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் ஒரு வட்டம். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க் கரண்ட் கசிந்திருக்கிறது. ட்ரிப் சுவிட்ச் பழுதாகவில்லை. எங்கள் உயிரைக் காப்பாற்றத்தான் அது விழுந்துகொண்டிருந்தது, நாங்கள் அதைக் கழற்றி எறிந்தோம். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஏன் இப்படி நடக்கிறது? நம் கரையோரத்தில் மணலுக்குள் நிற்கும் நல்ல தண்ணீர், அடியில் இருக்கும் கடல் தண்ணீருக்கு மேல் ஒரு படையாகத்தான் மிதக்கிறது. மழை இல்லாத மாதங்களில் அந்தப் படை மெலிகிறது, நாம் மோட்டர் போட்டு இழுக்க இழுக்க அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறுகிறது. உப்புவெளி என்ற பெயரிலேயே உப்பு இருக்கிறது, நான்தான் காதில் வாங்கவில்லை. அந்தத் தண்ணீரைத் தொட்டியில் விட்டால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே தங்குகிறது. மறுபடி நிரப்பும்போது இன்னும் கொஞ்ச உப்பு. நாம் போடும் குளோரினும் வேலை முடிந்ததும் உப்பில் இருக்கும் அதே குளோரைட்டாகத்தான் மிஞ்சுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று நம்புகிறோம். சாதாரண 304 ரகத்தைக் குளோரைட் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தண்ணீரில் பாவிக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு, 316 ரகம் 1000 வரை தாங்கும், அதுவும் குளிர்ந்த தண்ணீரில். தண்ணீர் சூடாக ஆக அந்த எல்லை கீழே இறங்கும். ஹீட்டர் எலிமென்டின் மேற்பரப்போ தொட்டித் தண்ணீரைவிட நல்ல சூடு. அதற்கு மேல் சுண்ணாம்புத் தோடு படிந்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே எரிகிறது.

இதில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. தொட்டியை விற்றவர்கள் நிறம் கேட்டார்கள், எத்தனை பேர் இருப்பீர்கள் என்று கேட்டார்கள், ஸ்பீக்கர் வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்டார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழுதானதும் உத்தரவாதப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை விரல் வைத்துக் காட்டினார்கள்: தண்ணீரின் தன்மையால் வரும் சேதம் சேராது. இரண்டு ஹீட்டர், ஒரு பம்ப் சீல், ஒரு கன்ட்ரோல் போர்ட்: எல்லாம் சேர்த்து, இரண்டு அறை ஒரு சீசன் முழுக்க உழைத்துத் தந்த காசு.

சரி, என்ன செய்ய வேண்டும்? தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்க, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள், விலை பெரிதல்ல. கிணற்றுத் தண்ணீரை ஆடியில் ஒரு தரம், மார்கழியில் ஒரு தரம் அளந்து எழுதி வையுங்கள். என் கிணறு மார்கழியில் 410 பிபிஎம் (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்), ஆடியில் 1,900. ஒரே கிணறு. 500க்குள் நின்றால் தைரியமாக விடலாம், 1000ஐத் தாண்டினால் தொட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். மீட்டர் கைக்கு வரும்வரை உங்கள் குசினியே சொல்லும்: கேத்தலுக்குள் வெள்ளைத் தோடு படிகிறதா, சவர்க்காரம் நுரைக்க அடம்பிடிக்கிறதா, கச்சான் காலத்தில் தேத்தண்ணியின் ருசி மாறுகிறதா என்று பாருங்கள்.

கிணறு கூடாது என்றால் தொட்டி ஆசையை விட்டுவிட வேண்டியதில்லை. 1,200 லிட்டர்தானே, மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தரம் மாற்றும் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் நிரப்பலாம், இல்லையென்றால் பவுசரில் எடுக்கலாம். ஒரு ஹீட்டரின் விலையில் எத்தனை பவுசர் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து விடுபவர்களும் இருக்கிறார்கள், நல்லதுதான், ஆனால் அதில் சுண்ணாம்பே இல்லை; அப்படித் தண்ணீர் நுரைக்கும், உலோகத்தையும் அரிக்கும். கல்சியம் சேர்த்து 150க்கும் 250 பிபிஎம்முக்கும் இடையில் கொண்டுவந்துவிட்டுத்தான் சூடாக்க வேண்டும். பிஎச் 7.2க்கும் 7.8க்கும் நடுவில் நிற்கட்டும், ஜெட் காற்று அடிக்க அடிக்க அது தானாக மேலே ஏறும் என்பதால் கிழமைக்கு இரண்டு தரமாவது பார்க்க வேண்டும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: ஹீட்டர் எலிமென்ட் எதில் செய்தது? டைட்டேனியம் என்று எழுத்தில் தந்தால் வாங்குங்கள். "நல்ல ஸ்டீல்" என்று வாயால் சொன்னால் வேறு கடை பாருங்கள்.

"உப்பில் இருந்து குளோரின் எடுக்கும் உப்பு மெஷின் உள்ள தொட்டிகளே வருகிறதே, அதில் வேண்டுமென்றே உப்புப் போடுகிறார்களே, எங்கள் உவர்த் தண்ணீர் என்ன செய்யும்?" என்று அநேகமாக எல்லோரும் கேட்பார்கள். இது நானும் நம்பிய பிழை. அந்தத் தொட்டிகளில் போடுவது சுத்தமான உப்பு, அளந்து, 2000 பிபிஎம் அளவில், அதற்கென்று செய்த பாகங்களோடு. நம் கிணற்று உவரில் கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்து வரும், அந்த மெஷினின் தகடுகளில் முதலில் போய் ஒட்டுவதே அதுதான்.

மொட்டைமாடியில் வைப்பது

கோணேசர் மலையும் கடலும் தெரியும் என்று மாடியில் வைக்க ஆசைப்படுவார்கள். கணக்கைப் பாருங்கள். தொட்டி 300 கிலோ, தண்ணீர் 1,200 கிலோ, ஐந்து பேர் 350 கிலோ. நாலு சதுர மீட்டரில் 1,850 கிலோ, அதாவது சதுர மீட்டருக்கு 460 கிலோவுக்கு மேல். வீட்டின் கொங்கிரீட் பிளேட்டுக்குப் பொதுவாகக் கணக்கெடுக்கும் பாரம் 150 முதல் 200 வரைதான். "கம்பி நல்லாப் போட்டிருக்கு அண்ணா, ஒண்டும் நடக்காது" என்று மேசன் சொல்வார், அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். பொறியியலாளர் ஒருவர் வீட்டுப் பிளானைப் பார்த்துக் கையெழுத்து வைக்காமல் ஏற்றாதீர்கள். நிலத்தில் வைப்பதென்றாலும் நம் மணலுக்கு மேல் சும்மா கல் பதித்து வைத்தால் ஒரு மழையில் ஒரு பக்கம் தாழும். மணலை நனைத்து இறுக்கி, கம்பி போட்டு, நாலு அங்குலத்துக்குக் குறையாத கொங்கிரீட் போடுங்கள்.

ஜெட்டை எண்ணுவது

எண்ண வேண்டாம். ஒரே பம்பின் தள்ளுதலைத்தான் எல்லா ஜெட்டும் பங்கு போடுகின்றன.

குழிக்குள் இறக்குவது

படத்தில் அழகு. ஐப்பசியில் இருந்து தை வரை நம் முற்றத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஒரு வருஷம் பார்த்துவிட்டு யோசியுங்கள். சாம்பல்தீவில் ஒரு வீட்டில் குழிக்குள் வைத்த தொட்டியின் பம்ப் ஒரே இரவு மழையில் மூழ்கிப் போனது. தொட்டிக்குள் தண்ணீர் தெளிந்து கிடக்க, வெளியே மோட்டர் சேற்றுக்குள் கிடந்ததை டோர்ச் அடித்துப் பார்த்தோம்.

அமெரிக்காவில் ஓடிய பழைய தொட்டி

சொந்தக்காரர்கள் அனுப்புகிறோம் என்பார்கள். அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. பம்ப் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், மோட்டர் சூடேறும், கன்ட்ரோல் போர்ட் ஒத்துவராது. நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

பெரிய ஹீட்டருக்குக் காசு கொடுப்பது

குளிர் நாட்டில் 10 டிகிரித் தண்ணீரை 38க்கு ஏற்ற வேண்டும். இங்கே கிணற்றுத் தண்ணீரே 28க்குக் கிட்ட வருகிறது. 1,200 லிட்டரை 10 டிகிரி உயர்த்த 14 யூனிட் போதும், 3 கிலோவாட் ஹீட்டருக்கு ஐந்து மணித்தியாலத்துக்குள் முடியும் வேலை. வீட்டு லைன் 30 அம்பியர் என்றால் 6 கிலோவாட் ஹீட்டர் ஒன்றே அதைத் தின்றுவிடும். அந்தக் காசை, காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குத் தரும் ஹீட் பம்ப் ஒன்றில் போடுங்கள், தண்ணீரைக் குளிராக்கவும் செய்யும் வகையைப் பார்த்து எடுங்கள். ஆடி மாதத்தில் மூடி போட்ட தொட்டி, பம்பின் சூட்டிலேயே நீங்கள் வைத்த அளவைத் தாண்டி ஏறும், அப்போது இறக்க வழி வேண்டும்.

40 டிகிரிக்கு மேல்

வேண்டாம். கர்ப்பிணிகளும் இருதய வருத்தம் உள்ளவர்களும் டொக்டரிடம் கேட்காமல் இறங்கவே வேண்டாம்.

மூடியில் மிச்சம் பிடிப்பது

சூடு போவது பெரும்பாலும் மேலால்தான், ஆவியாக. மலிவு மூடியின் நுரைப் பலகை இரண்டு மழைக்காலத்தில் தண்ணீரைக் குடித்து, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரமாகிவிடும். கச்சான் வெயில் மேல் தோலை வெடிக்க வைக்கும். குரங்குகள் வேறு. பூட்டும் நாடாவும் உள்ள தடித்த மூடி எடுத்து, மேலே ஒரு கூரையும் போடுங்கள். தண்ணீரை இறக்கிய தொட்டியை மூடாமல் வெயிலில் விட்டால் அக்ரிலிக் கொப்பளிக்கும், ஒரு மத்தியானமே போதும்.

பம்ப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டுவது

மூன்று அடி விடுங்கள். டைல்ஸ் ஒட்டிய சுவரை உடைத்துப் பம்ப் கழற்றிய வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

நிலாவெளித் தம்பியின் கிணற்றில் அன்றைக்கே மீட்டரை நனைத்தோம். 1,640. கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார், அப்புறம் போனை எடுத்துக் கடைக்காரருக்குப் பேசினார். தொட்டி இன்னும் ஏறவில்லையாம், வித்தியாசக் காசு கட்டினால் டைட்டேனியம் ஹீட்டர் பூட்டி அனுப்பலாமாம். போன கிழமை கொங்கிரீட் போட்டார்கள். பம்ப் வரும் பக்கத்தில் தடி நட்டு, மூன்று அடிக்குக் கயிறு கட்டியிருந்தார்.