கம்ஃபர்டபிளில் டேபிள் இல்லை

நர்சிங் முடித்து வெளிநாட்டுக்குக் கிளம்பத் தயாராகும் பிள்ளைகள் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் நிறைய உண்டு. அவர்களின் பயிற்சி நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கும். அதில் ‘கம்பர்டேபிள்’ அநேகமாக இருக்கும். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தாலும், தலையணையை ஏற்றி வைத்தாலும் கேட்க வேண்டிய ‘வசதியாக இருக்கிறதா?’ என்ற கேள்வியில் வருகிற சொல் அது. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் பேச்சுப் பகுதியில் ஒருவர் நோயாளியாக நடிப்பார், நாம் நர்ஸாகவே பேச வேண்டும். பேசுவது எதிராளிக்குத் தெளிவாகப் புரிகிறதா என்பதற்கும் அங்கே மதிப்பெண் உண்டு.

பெரிய தவறு, ஸ்பெல்லிங்கைப் பார்த்து வாசிப்பதுதான். கடைசி ஐந்து எழுத்தும் ‘டேபிள்’ என்ற சொல்லின் எழுத்துகளே என்பதால் கண் ஏமாந்துவிடுகிறது. உண்மையில் அது ‘கம்ஃபர்ட்’டோடு ஒட்டிய விகுதி. விகுதியாக வரும்போது ‘ஏ’ தேய்ந்து ‘அபிள்’ ஆகிவிடும். அவெய்லபிள், ரீசனபிள் எல்லாம் அப்படித்தான். வெஜிடேபிள் என்று நாம் சொல்வதும் ஆங்கிலேயர் வாயில் வெஜ்டபிள்தான். இதைக் கற்ற வேகத்தில் சாப்பாட்டு மேசையையும் ‘டபிள்’ ஆக்கிவிடாதீர்கள். தனிச்சொல்லான டேபிள் டேபிளாகவே இருக்கட்டும்.

அடுத்தது அழுத்தம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்குரிய மாத்திரையைக் கொடுத்துப் பேசிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலம் ஓர் அசையைத் தூக்கி, மற்றதை நசுக்கும். இங்கே தூக்க வேண்டியது ‘கம்’, மீதி எல்லாம் தணிந்து ஓட வேண்டும். நம்மவர்களோ ‘டே’யில் போய் ஏறி நிற்கிறார்கள். நசுங்கிய உயிர் நமக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. ‘பசு’ என்பதில் உகரம் முழுசாக ஒலிக்கிறது. ‘பந்து’ என்பதில் அரை மாத்திரையாகக் குறைகிறது. அந்தக் குற்றியலுகரத்தைச் சொல்லத் தெரிந்த வாய்க்கு இதுவும் வரும்.

அப்புறம் ‘ஃப’. அதை ‘ப’ ஆக்கிவிடுகிறோம், அல்லது அடுத்த மெய்யோடு சேர்க்க முடியாமல் நடுவில் ஓர் உகரத்தைச் செருகி ‘கம்ஃபுட்டபிள்’ என்கிறோம். மேல்பல் கீழ் உதட்டில் பட்டுக் காற்று வர வேண்டும். கம்ஃப் என்று சொல்லி உதட்டை அப்படியே வைத்துக்கொண்டு, டபிள் என்று விடுங்கள். கம்ஃப்-டபிள். முதலில் தனித்தனியாக வரும், சொல்லச் சொல்ல ஒட்டிக்கொள்ளும்.

அதற்காக ‘கம்ஃபர்டபிள்’ என்று நான்கு அசையில் சொன்னால் தப்பு என்று தோழியைத் திருத்தக் கிளம்ப வேண்டாம். அகராதிகள் அதையும் ஏற்கின்றன. பிரிட்டிஷ்காரர் அந்த ‘ர்’ரை விட்டுவிடுவார். அமெரிக்கரில் பலர் அதை இடம் மாற்றி ‘கம்ஃப்டர்பிள்’ என்பார்கள். கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையதளத்தில் இரண்டு ஒலியும் உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

மூக்கால் பேசி வெள்ளைக்காரத் தொனியை வரவழைப்பது வேண்டாத வேலை. 1806-இல் நம் குமரியின் மயிலாடிக்கு வந்த லண்டன் மிஷன் பாதிரியார் ரிங்கல்தௌபேயே ஜெர்மன் மொழிக்காரர். அவருடைய ஆங்கிலத்தில் எந்த ஊர் வாடை அடித்ததோ! குமரித் தமிழின் இழுவை இருந்துவிட்டுப் போகட்டும், அழுத்தம் சரியான இடத்தில் விழுந்தால் சரி.

காதால் கற்பதுதான் குறுக்குவழி. கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களுக்கு ரூம் பிடித்துக் கொடுக்கும் ஆட்கள் ஸ்பெல்லிங் பார்த்தா கற்றார்கள்? வருகிறவர்கள் வாயிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். அதனால் தமிழில் எழுதிவைத்ததை அழித்துவிட்டு, ஒலியைக் கேட்டு உடனே திருப்பிச் சொல்லுங்கள். சொல்லைத் தனியாக உருப்போடாமல், “ஆர் யூ கம்ஃப்டபிள்?” என்று முழுசாகவே பழகுங்கள். வேலையில் அப்படித்தானே வரப்போகிறது.

எதிர்ச்சொல்லையும் சேர்த்தே கேட்டுப் பழக வேண்டும். அதிலும் முக்கிய அழுத்தம் ‘கம்’மில்தான். முன்னால் வரும் ‘அன்’ வேகத்தில் நழுவிவிடும். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டி முனகலோடு “அன்கம்ஃப்டபிள்” என்று சொல்ல, ‘டேபிள்’ வரும் என்று காத்திருக்கும் காது அந்த ‘அன்’னைக் கோட்டைவிட்டால், வலியோடு கிடப்பவரை நலம் என்று சார்ட்டில் எழுதிவிடுவோம்.