மண் குழம்பு ஓட எதைப் போடுவது: சிலிகேட்டா, சோடாவா, பாலிமரா?

கன்னங்குறிச்சியில் ஏற்காடு மலை தெரிகிற ஒரு தகரக் கொட்டகையில் ஒன்பது வருஷமாக, மண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றிக் கப்பும் அகல் விளக்கும் வார்க்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள், "ஸ்லிப்பில் எந்த டீஃப்ளாக்குலன்ட் போடலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஸ்லிப் என்றால் அந்த மண் குழம்பு; டீஃப்ளாக்குலன்ட் என்றால் தண்ணீரைக் கூட்டாமல் அதை ஓடவைக்கும் மருந்து. உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் மருந்து சொல்ல முடியாது.

10 கிலோ காய்ந்த மண்தூளுக்கு 4 லிட்டர் தண்ணீர் என்பது வார்ப்புக் கணக்கு. வெறுமனே கலந்தால் சேறுதான், ஊற்ற வராது. களிமண்ணின் மெல்லிய செதில்கள் ஓரமும் முகமுமாக ஒட்டிக்கொண்டு, சீட்டுக்கட்டு வீடு போல நின்று தண்ணீரை உள்ளே அடைத்து வைத்திருக்கும். மருந்தில் இருக்கும் சோடியம் போய்ச் செதில்களை ஒன்றையொன்று விலக்கிவிட்டால், அதே சேறு மோர் போல ஓடும். கால்சியமும் மெக்னீசியமும் இதற்கு நேர்மாறு, மறுபடி ஒட்டவைக்கும். இங்கே பக்கத்திலேயே மேக்னசைட் என்ற மெக்னீசியக் கல் வெட்டி எடுக்கும் குன்றுகள். என் போர் தண்ணீர் காய்ச்சின பாத்திரத்தில் வெள்ளைப் படலம் நிற்கும். அந்தத் தண்ணீரில் 10 கிலோவுக்கு 45 கிராம் சோடியம் சிலிகேட் கேட்ட மண், மேட்டூர்க் குழாய்த் தண்ணீரில் 30 கிராமிலேயே ஓடியது. அன்றிலிருந்து ஸ்லிப்புக்கு மட்டும் மேட்டூர்த் தண்ணீரைத் தனி டிரம்மில் பிடித்து வைக்கிறேன்.

சரி, எதைப் போடுவது? ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது சோடியம் சிலிகேட் 3 பங்கு, சோடா ஆஷ் (தண்ணீர் சேராத சோடியம் கார்பனேட் தூள்) 1 பங்கு. சிலிகேட் மட்டும் போட்டால் வார்ப்பு விறைத்து, ஓரம் சீவும்போது விரிசல் விடும். சோடா மட்டும் போட்டால் தொளதொளவென்று வரும். இரண்டும் சேர்ந்தால்தான் கத்தி வழுக்கிக்கொண்டு போகிற பதம் கிடைக்கிறது. தண்ணீரில் கரைந்த கால்சியத்தைச் சோடா கொஞ்சம் பிடித்துக் கீழே தள்ளியும் விடும்.

வாங்கும்போது கவனம். சலவை சோடா என்று கட்டி கட்டியாக விற்பதில் பாதிக்கு மேல் தண்ணீர். 10 கிராம் சோடா ஆஷின் வேலையைச் செய்ய அது 27 கிராம் வேண்டும். நல்ல சோடா ஆஷும் வாய் திறந்து கிடந்தால் ஈரம் குடித்துவிடும். ஒரு ஐப்பசி மழையில் எனக்கு அப்படித்தான் ஆனது: எடை சரியாகப் போட்டும் 20 லிட்டர் ஸ்லிப் கெட்டித் தயிராக நின்றது. இப்போது மூடி இறுகின எவர்சில்வர் டப்பாவில்தான் வைக்கிறேன். சிலிகேட் கேனையும் மூடியே வையுங்கள். வார்ப்படப் பட்டறைகளில் மணல் அச்சை இறுக்க சிலிகேட்டுக்குள் கார்பன் டை ஆக்சைடு விடுவார்கள். திறந்த கேனில் காற்று அதே வேலையை மெதுவாகச் செய்யும்.

டார்வான் மாதிரி பாலிமர் மருந்துகள் விலை கூடுதல். ஆனால் பிளாஸ்டர் அச்சை அவை அரிப்பதில்லை. சோடா கலந்த ஸ்லிப்பில் ஓடிய அச்சைக் காயவைத்துப் பாருங்கள், வெளிப்பக்கத்தில் பூஞ்சை போல வெள்ளை மயிர் முளைத்திருக்கும். சோடாவும் பிளாஸ்டரில் இருக்கும் ஜிப்சமும் சேர்ந்து உண்டாகும் சோடியம் சல்பேட் அது. ஈரத்துணி படாமல், உலர்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை மாற்றும் அகல் அச்சுக்கு இது பெரிய நஷ்டம் இல்லை. நாலு துண்டு டீபாட் அச்சுக்கு நான் பாலிமர்தான் போடுகிறேன். அதில் கை நிதானம் வேண்டும்; சில சொட்டு கூடினாலே மண் அடியில் போய் இறுகிவிடும்.

இன்னொரு மருந்தான சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் நாள்பட நாள்படத் தண்ணீரில் சிதைந்து வீரியம் இழக்கும். தேக்கி வைக்கிற ஸ்லிப்புக்கு ஆகாது.

எதை எடுத்தாலும் அளவை உங்கள் மண்ணில் சோதித்துத்தான் முடிவு செய்யுங்கள். 400 மில்லி தண்ணீரில் 1 கிராம் சோடா ஆஷ் கரைத்து, 1 கிலோ மண்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். சிலிகேட்டைச் சம எடை வெந்நீரில் நீர்த்து, சிரிஞ்சில் எடுத்து 1 மில்லி வீதம் விடுங்கள். ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்கி, அரை லிட்டர் ஸ்லிப் ஒரு புனலில் இறங்க எத்தனை வினாடி என்று குறியுங்கள். போன மாதம் வந்த மூட்டைக்கு என் நோட்டில் இருப்பது: 3 மில்லியில் 90, அப்புறம் 62, 48, 44, 44, 8 மில்லியில் 51. வினாடி திரும்ப ஏறினால் மருந்து அதிகம் என்று அர்த்தம். மிகக் குறைந்த இடத்தில் நிற்காதீர்கள், அதற்கு ஒரு படி முன்னால் நில்லுங்கள். நான் 5 மில்லியில் நின்றேன். அப்போதுதான் அச்சில் மண் சீராகப் பிடித்து, மிச்சத்தைக் கொட்டிய பிறகு வார்ப்பின் சுவர் தளராமல் நிற்கும். கடைசியில் அரை லிட்டர் ஜாடியில் பிடித்து ஸ்லிப்பின் எடையைப் பாருங்கள்: 875 முதல் 900 கிராம் வரை இருக்கலாம்.

மருந்து கூடிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் சீக்கிரம் படியும். மருந்தே போடாமல் கலந்த புது ஸ்லிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் மறுபடி புனலில் விட்டுப் பாருங்கள்.