நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டால்: பார்க்கின்சன் நடைக்கு மனசுக்குள் ஒரு ஒத்திகை

பார்க்கின்சன் நோய் என்றதும் எல்லாரும் கை நடுக்கத்தைத்தான் பார்ப்பார்கள், ஆனால் ஆளை வீட்டோடு முடக்கிப் போடுவது நடைதான். அடி சின்னதாகும், கை வீச்சு குறையும், அப்புறம் திரும்பும்போதோ கதவைத் தாண்டும்போதோ பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டு நகரவே நகராது. கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், கொல்லை என்று இடத்துக்கு இடம் ஒரு நிலைப்படி இருக்கும், கேட்கவே வேண்டாம்.

மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிந்துபோவதால் நாம் நினைக்காமலே நடக்கிற நடை கெட்டுப்போகிறது. கவனம் வைத்து எடுக்கிற அடி அந்த அளவுக்குக் கெடுவதில்லை. அதனால்தான் வெறும் தரையில் நின்றுபோனவர், குறுக்கே ஒரு கோடு போட்டால் சட்டென்று தாண்டி வந்துவிடுகிறார். மனசுக்குள் நடந்து பார்ப்பதும் அந்த வழியில்தான் உதவுகிறது. நடப்பதாக நினைக்கும்போதே நடையைத் திட்டமிடுகிற மூளைப் பகுதிகள் பல வேலை செய்ய ஆரம்பிக்கின்றன.

மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் நேரமாகப் பார்த்து நோயாளியைக் கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வையுங்கள். பொதுவாக 'நடப்பதாக நினையுங்கள்' என்றால் ஒன்றும் நடக்காது. தினமும் தகராறு செய்கிற ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கூடத்திலிருந்து கொல்லைப்பக்கம் போகிற வழி என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு தடவை நிஜமாகவே நடக்க வைத்து எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். பிறகு கண்ணை மூடி அதே வழியில் உள்ளுக்குள் நடக்க வேண்டும். தூரத்திலிருந்து தன்னைத்தானே பார்ப்பது போதாது, உடம்புக்குள்ளேயே இருந்து உணர வேண்டும்: எடை இடது காலுக்குப் போகிறது, வலது முழங்கால் மடங்குகிறது, பாதம் நிலைப்படிக்கு மேலே எழும்புகிறது, அந்தப் பக்கத்துச் சிமெண்டுத் தரையில் குதிகால் முதலில் படுகிறது, உள்ளங்காலில் சில்லென்கிறது. மனசுக்குள் நடக்கிற நேரமும் நிஜ நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். பாதி நேரத்தில் 'வந்துட்டேன்' என்றால் அவர் நிலைப்படியை நினைக்கவே இல்லை, திரும்பச் செய்யச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் தூங்கிவிடுவார். முடிந்த கையோடு எழுந்து அதே வழியில் நிஜமாக நடக்க வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்.

நடுவில் நின்றுபோனால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். 'வாங்கப்பா, சீக்கிரம்' என்பதுதான் இருப்பதிலேயே மோசம், அவசரப்படுத்தினால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். அப்படியே நிற்கட்டும், நிமிரட்டும், எடையை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மெதுவாக மாற்றட்டும், பிறகு ஒரே ஒரு பெரிய அடி. நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், கையில் காபி டம்ளரும் வேண்டாம்.

தாளமும் கைகொடுக்கும். திருவையாற்று ஆராதனைக்கு வருஷா வருஷம் போனவர் என்றால் ஆதி தாளத்தை வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடக்கட்டும், வயலில் இறங்கி வேலை பார்த்தவருக்கு நடவுப் பாட்டே போதும். அவருடைய இயல்பான நடை வேகத்துக்குத் தாளம் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். கோடு போடுவதற்குக் கோலமாவு வேண்டாம், அழிந்துவிடும், வழுக்கவும் செய்யும். கலர் டேப்பை அவருடைய நல்ல அடியின் நீளத்துக்கு ஒன்றாகக் குறுக்கே ஒட்டுங்கள். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல், அகலமாக அரைவட்டம் போட்டு வர வேண்டும், மனசுக்குள்ளும் அப்படியேதான்.

கற்பனை மட்டும் போதுமா? போதாது. 2007இல் இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சியோடு கற்பனையும் சேர்த்தவர்கள் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடச் சில அசைவுகளை வேகமாகச் செய்தார்கள். 2011இல் வந்த நெதர்லாந்து ஆய்வில், உடம்பைத் தளர்த்தும் பயிற்சியைவிடக் கற்பனைப் பயிற்சி மேல் என்று சொல்ல முடியவில்லை. ஆகவே இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அடி வைப்பது, கையை நன்றாக வீசிப் பெரிய அடியாக நடப்பது, இதெல்லாம் தினமும் வேண்டும். நடக்க நெல் காயப்போடாத களமோ, கூட்டமில்லாத காலை நேரத்துக் கோயில் பிராகாரமோ நல்லது. வரப்பில் நடக்கிற ஆசையைக் கற்பனையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

எழுந்தவுடன் தலை சுற்றினால் உடனே உட்கார வையுங்கள், இந்த நோயில் நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவது உண்டு. கால் ஒட்டிக்கொள்கிற நேரத்தையும் மாத்திரை போட்ட நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மாத்திரைக்கு முன்னால்தான் அதிகம் என்றால் நரம்பியல் டாக்டர் மாத்திரை நேரத்தை மாற்றிப் பார்ப்பார், நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.